பால் பவுடர் டப்பாவில் சாமி அரிசி

எங்கள் ஐயரம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் தப்பு. அறியாமல் நடந்தது என்று யாரும் வக்காலத்துக்கு வர வேண்டாம். அந்தப் பாடத்தால் ஒரு மூன்று வயதுப் பிள்ளை செத்துப்போனது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. ஞாயிறு பள்ளி நடத்துவது அந்த அம்மாவின் வேலை.

ஆலயத்துக்கு நூறு வருஷம் ஆகிறதாம். விழா மலர் போடுகிறார்கள். சபைச் செயலாளர் எனக்குப் போன் பண்ணினார். "யக்கா, ஞாயிறு பள்ளி நினைவுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. இனிமையா இருக்கட்டும். ஐயரம்மா திருச்சியிலேர்ந்து வர்றாங்க. பொன்னாடை போர்த்துறோம். அவங்க படிச்சா சந்தோஷப்படணும்."

இந்தச் செயலாளர் அந்தக் காலத்தில் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மூக்கு நோண்டியவர்தான். இனிமையாக எழுத எனக்கு வராது. அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ரிட்டயர் ஆனவள் நான். சோறு வெந்ததா வேகவில்லையா என்று சொல்லத் தெரியும். அவ்வளவுதான்.

அந்தப் பாயில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். உங்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

அப்போது ஊரைச் சுற்றி இவ்வளவு பெரிய சுரங்கம் கிடையாது. மேற்கே சின்னச் சின்னக் கல்லுக்குழிகள்தான். ஆட்கள் சம்மட்டியால் சுண்ணாம்புக்கல் உடைப்பார்கள். வேலை முடிந்து வருகிறவர்களின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். மழை பெய்தால் தெருவில் பால் ஓடுகிற மாதிரி தண்ணீர் ஓடும். நான் சொல்கிற வருஷம் மழையே இல்லை. கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் கேட்கும்.

எங்கள் அப்பா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பார்க்கிற வேலை, மாசச் சம்பளம். அதனால் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உலை கொதித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெருக்கோடியில் கடைசி வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் என் வயசுதான், பத்து. அவளுடைய அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அம்மா கல்லுக்குழிக்குப் போனாள். ஒரு தம்பி. அவளுடைய இடுப்பை விட்டு இறங்காத தம்பி. ஞாயிறு பள்ளிக்கும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் இரண்டு கையாலும் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் சந்தில் எல்லாரையும் பார்ப்பான். நம் எல்லாருக்கும் சிரிப்பு வரும்.

ஐயரம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு இருக்கும். கல்யாணமாகி வந்த புதிது. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, பெரிய கண்ணாடி. நல்ல குரல். அந்த அம்மா நல்லவங்கதான். லெந்து நாட்கள் முழுக்க, ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும், மத்தியானம் சாப்பிடாமல் இருந்தாங்க. பாடம் எடுக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாங்க. ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு உள்ளே போய் மறைவாகச் சாப்பிடுகிறவங்க இல்லை. ஆனால் சாயங்காலம் பசித்தால் சாப்பிட அவங்க வீட்டில் அரிசி இருந்தது. இருக்கிற அரிசியைத் தொடாமல் இருப்பதற்குப் பேர் உபவாசம். அரிசியே இல்லாமல் இருப்பதற்கு வேறு பேர். இந்த வித்தியாசம் அவங்களுக்குத் தெரியாமல் போனது.

ஐயரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாங்க. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கொண்டு வர வேண்டும். அதில் என்ன வேதபாடம் இருக்கிறது என்று எழுந்து சொல்ல வேண்டும். ஒருத்தி வெங்காயம் கொண்டு வந்தாள். ஒருத்தன் கருவேல முள். செயலாளர் ஒரு நாள் ஆட்டுப் புழுக்கையைப் பேப்பரில் மடித்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கா?

"ஏன்டா, இதுல என்னாடா பாடம்?" என்று ஐயரம்மா கேட்டாங்க.

"ஆடு காணாமப் போச்சுன்னா மேய்ப்பரு இத வச்சுத்தாங்கம்மா கண்டுபுடிப்பாரு."

ஐயரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. பிறகு, "சரியாத்தான் சொல்றான்" என்று அவனுக்கு ஒரு வசன அட்டை கொடுத்தாங்க. ஆட்டுக்குட்டிப் படம் போட்ட அட்டை. ஓரத்தில் தங்கக் கலர் கோடு. அதற்காக உயிரை விடுவோம். என்னிடம் அது வரை ஒன்றுகூட இல்லை.

கடைசி வீட்டுப் பிள்ளை ஒரு கல்லைக் கொண்டு வந்தாள். உருண்டையாக, பன்னு மாதிரி உப்பலாக இருந்தது. மேலே ஐந்து இதழோடு ஒரு பூ. யாரும் செதுக்கியது இல்லை. கல்லிலேயே அப்படி இருந்தது.

"கல்லுக்குழியில எங்கம்மாவுக்குக் கெடைச்சுதுங்க. கல்லுக்குள்ளாற யாரும் பாக்காத எடத்துலயும் சாமி பூ வச்சிருக்காரு" என்றாள்.

இது ஒரு காலத்தில் கடலில் இருந்த பிராணி, நம் ஊரே ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்தது என்றெல்லாம் பிற்பாடு பள்ளிக்கூடத்து சயன்ஸ் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் சொன்னது எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஐயரம்மா அந்தக் கல்லை வாங்கிக் கோயில் ஜன்னலில் வைத்தாங்க. அவளுக்கும் ஒரு அட்டை கொடுத்தாங்க. தம்பி அதை வாயில் வைத்து ஒரு முனையைத் தின்றுவிட்டான்.

லெந்து தொடங்கின முதல் ஞாயிறு. ஐயரம்மா அந்தக் கல்லை ஜன்னலிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாங்க.

"இது எது மாதிரி இருக்கு?"

"பன்னு!" என்று கத்தினோம்.

வனாந்தரத்தில் இயேசு சாப்பிடாமல் இருந்த கதையை அப்போதுதான் சொன்னாங்க. பிசாசு வந்து, இந்தக் கல்லை அப்பமாக்கு, சாப்பிடு என்று ஆசை காட்டுகிறான். அவர் மாட்டேன் என்கிறார். "பிசாசு எப்பவும் வயித்து வழியாத்தான் வருவான். பசின்னு ஒரு குரல் உள்ள கேக்கும். அது யாரோட குரல்? அந்த நேரம் முடியாதுன்னு சொல்லிப் பழகணும்" என்று ஐயரம்மா சொன்னாங்க. கடைசி வீட்டுப் பிள்ளை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தாங்க. சபைக்கு எப்போதோ நிவாரணமாக வந்த பால் பவுடரின் காலி டப்பாக்கள். பால் எந்தக் காலத்திலேயோ தீர்ந்துவிட்டது. மூடியைத் திறந்தால் லேசாக வாசம் மட்டும் வரும். நாங்கள் மூக்கை உள்ளே விட்டு மோந்தோம். தம்பி டப்பாவுக்குள் கையை விட்டு அடியைத் தடவி விரலைச் சப்பினான்.

நம் வீடுகளில் அம்மாக்கள் உலை வைக்கும்போது சாமிக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள் இல்லையா? அதை இந்த நாற்பது நாளும் பிள்ளைகளே செய்ய வேண்டும். ஒவ்வொரு வேளையும் தன் பங்கிலிருந்து ஒரு பிடி டப்பாவில் போட வேண்டும். ஈஸ்டர் அன்றைக்கு டப்பா நிறைந்திருந்தால் சோதனையை ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.

என் டப்பாவை நிரப்பியது என் அம்மா. சம்பா அரிசி, படியில் அளந்து போட்டாள். நான் ஒரு பருக்கைகூடக் குறைத்துச் சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் கடைசி வீட்டு அம்மாவின் கை மேல் கல் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. அது வரை பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கோதுமை உப்புமா போட்டார்கள். அவள் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தூக்குச்சட்டியில் தம்பிக்குக் கொண்டு போவாள். அந்த மாசம் கோதுமை வரத்தும் நின்றுபோனது. என்ன காரணம் என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்?

ஒரு நாள் மத்தியானம் சுள்ளி பொறுக்கப் போகக் கூப்பிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானையில் கஞ்சி கொதித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பால் பவுடர் டப்பா மூடியில்லாமல் சாய்ந்து கிடந்தது. காலி. அம்மா மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தம்பி பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னாடி, சாமி அரிசியப் பொங்கிட்டியா?"

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "சொல்லிடாதடி. திரும்ப ரொப்பிடுவேன்."

"பிசாசு சொன்னதக் கேட்டுட்டியே."

"பிசாசு ஒண்ணும் சொல்லலடி. தம்பி நேத்துலேர்ந்து அழுவறதையே நிறுத்திட்டான். அழுதான்னா எனக்குப் பயமில்ல."

எனக்கு அது விளங்கவில்லை. அழாமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் இப்போது சொல்கிறேன். பசியில் அழுகிற பிள்ளைக்குத் தட்டு கொஞ்சம் தாமதமானாலும் தாங்கும். அழுகையை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் ஓட வேண்டும். இதைப் பத்து வயதில் அவள் கண்டுபிடித்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். "இந்த வாரம் யாரு எந்தச் சோதனைய ஜெயிச்சீங்க?" என்று ஐயரம்மா கேட்டாங்க. ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஒருத்தன் முறுக்கைத் தொடவில்லை. ஒருத்தி மாங்காய் திருடப் போகவில்லை. போன வாரம் நானும் முறுக்கு என்றுதான் பொய் சொல்லியிருந்தேன். திரும்ப முறுக்கையே சொன்னால் அட்டை கிடைக்காது. என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர.

எழுந்தேன். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "கடைசி வூட்டுப் புள்ள சாமி அரிசியக் கஞ்சி வச்சுட்டாங்கம்மா. நான் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லாம மறைச்சுடுன்னு எனக்கு ஒரு சோதனை வந்துச்சு. நான் மறைக்கலங்கம்மா. ஜெயிச்சுட்டேன்."

இதுதான் நான் செய்தது. கோள் சொன்னதைச் சாட்சி ஆக்கினேன். பத்து வயசுப் பிள்ளைக்கு இப்படி ஒரு புத்தி எங்கிருந்து வந்தது? எதைச் சொன்னாலும் அதில் ஒரு பாடம் வைத்துச் சொன்னால் பரிசு என்று பழக்கியிருந்தார்கள். நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

"உண்மையச் சொன்னது நல்ல சாட்சி" என்று ஐயரம்மா எனக்கு அட்டை கொடுத்தாங்க. ஆட்டுக்குட்டி, தங்கக் கோடு. என் முதல் அட்டை.

பிறகு அவளைக் கூப்பிட்டாங்க. பலிபீடத்துக்கு ஏறுகிற முதல் படியில் நிறுத்தினாங்க. தம்பி அவள் இடுப்பில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அரிசிய என்னம்மா பண்ணுனே?"

"தம்பிக்குக் கஞ்சி வச்சேங்க."

"அது யாரோட அரிசி?"

"சாமியோடதுங்க."

"கல்லை அப்பமாக்குன்னு பிசாசு கேட்டப்ப இயேசு என்ன சொன்னாரு?"

"முடியாதுன்னு சொன்னாருங்க."

"நீ ஏன் சொல்லல?"

அவள் தம்பியின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஐயரம்மா முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை. கணக்கில் ஒரு இடம் புரியாதபோது டீச்சரிடம் கேட்கிற குரல்.

"பிசாசு வந்து கேட்டா முடியாதுன்னு சொல்லணும். சரிங்கம்மா. தம்பி வந்து கேட்டா என்னாங்க சொல்லணும்?"

வெளியே யாரோ கழுதையை விரட்டுகிற சத்தம் கேட்டது. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாங்க. நெடுநேரம் துடைத்தாங்க. அந்த நேரத்தில் அவங்க வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வந்திருக்கலாம். வரப்போகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. பாயில் பதினோரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை பேர் முன்னால் தன் பாடம் ஆட்டம் காண்பதை அவங்களால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னாங்க: "பெரியவங்களக் கேள்வி கேக்கக் கூடாது. ஈஸ்டருக்குள்ள டப்பா நெறஞ்சிருக்கணும். உனக்காக நாங்க ஜெபம் பண்றோம்."

எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினோம். தம்பி அன்றைக்கு முகத்தைப் பொத்தவில்லை.

வெளியே வந்ததும் செயலாளர், அப்போது ஒன்பது வயசுப் பையன், என்னிடம் கேட்டான்: "நம்ம ஆளுக்கு ஒரு கை அவ டப்பாவுல போட்டா என்ன? ரொம்பிடும்ல?"

உனக்கு ஞாபகம் இருக்கா, செயலாளரே? நான் என்ன சொன்னேன்? "அது கள்ளத்தனம். அவ பங்க அவதான் போடணும். ஐயரம்மாகிட்டச் சொல்லிடுவேன்" என்றேன். நீ பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாய். பதினோரு பேர். ஆளுக்கு ஒரு கைப்பிடி. நம் வீடுகளில் எல்லாம் அரிசி இருந்தது. யாரும் போடவில்லை. சரியான யோசனை அந்தக் கோயிலைச் சுற்றி ஒருத்தனுக்குத்தான் வந்தது. அதையும் நான் பயமுறுத்தி விரட்டிவிட்டேன்.

அவள் டப்பாவை நிரப்ப ஆரம்பித்தாள். யார் வீட்டிலாவது நெல் குத்தினால் போய்ப் புடைத்துக் கொடுத்து நொய் வாங்கி வந்தாள். அம்மா கடன் கேட்டு வாங்கி வந்த அரிசியிலும் தன் பங்கை எடுத்துப் போட்டாள். வாய் பேசுவதையே குறைத்துவிட்டாள். ஒரு நாள் வழியில் பார்த்தபோது, "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டேன். தம்பியை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்துக் காட்டினாள். முக்கால் டப்பா. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு நாள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை தம்பி செத்துப்போனான்.

பேதி என்றார்கள். பேதிதான். நம் தெருவில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு அதே வாரம் பேதி வந்தது. என் தங்கைக்கும் வந்தது. அம்மா கஞ்சியில் உப்புப் போட்டு மணிக்கு ஒரு தரம் ஊட்டினாள். என் தங்கைக்கு இப்போது பேரன் இருக்கிறான். அந்த நாலு பிள்ளைகளும் பிழைத்தன. எல்லாருக்கும் வந்த பேதி இவனை மட்டும் ஏன் கொண்டுபோனது என்று யாரும் கேட்கவில்லை. கர்த்தருடைய சித்தம் என்று ஐயர் கல்லறையில் சொன்னார். எங்கள் அப்பாதான் குழி வெட்டினார். சின்னக் குழி. சீக்கிரம் வெட்டிவிட்டார். வெட்டும்போது அதே வெள்ளைக் கல்தான் வந்தது.

அடக்கத்துக்கு முன்னால் அம்மாவோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையை ஒரு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியிருந்தார்கள். அவனுடைய அம்மா நசுங்கின கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஒரு பலகை. பலகையில் பால் பவுடர் டப்பா. மேலே துணி போட்டுச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்த வீட்டில் அரிசி இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பிள்ளை செத்த வீட்டில் அரிசி இருந்தது. அது சாமியுடையது என்று நாம் சொல்லியிருந்தோம்.

அங்கே வந்திருந்த யாரும் அந்த டப்பாவைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஐயரம்மாவும் வந்திருந்தாங்க. அவங்க பார்த்தாங்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

ஈஸ்டர் அன்றைக்கு எல்லாரும் டப்பாக்களைக் கொண்டு போனோம். அவளும் வந்தாள். இடுப்பில் தம்பி இல்லாமல் அவள் நடக்கிற விதமே மாறியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தே பழகியவள், அன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்து வந்தாள். டப்பா விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. நொய், புழுங்கல், பச்சரிசி, எல்லாம் கலந்திருந்தது.

ஐயரம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாங்க. நிஜமாகவே அழுதாங்க. சபைக்கு முன்னால் அவளை அதே படியில் நிறுத்தி, "இந்தப் புள்ள விழுந்துச்சு, எழுந்திரிச்சுடுச்சு. எவ்வளவு துக்கத்துலயும் ஜெயிச்சுடுச்சு" என்று சொன்னாங்க. அட்டைகளிலேயே பெரிய அட்டையைக் கொடுத்தாங்க. அவள் வாங்கினாள். வாங்கின கையோடு ஜன்னல்கிட்டே போனாள். பூப்போட்ட கல்லை எடுத்தாள். அது இருந்த இடத்தில் அட்டையை வைத்தாள். கல்லோடு வெளியே போய்விட்டாள். எல்லாரும் பாட்டுக்கு எழுந்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு டப்பா அரிசியையும் ஒரே பாயில் கொட்டினார்கள். வெளியூர் ஐயர்மார் வந்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் சோறு ஆக்கினார்கள். கறிக்குழம்பு. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

அந்தக் கோடையிலேயே அம்மாவும் மகளும் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. அப்பாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒரு மூட்டையும் ஒரு குடமும் வைத்திருந்தார்களாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நரைத்துவிட்டது. ஆனாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறாள். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். நெற்றியில் குங்குமம். கையில் பேரப்பிள்ளை, வாயில் பன்னைத் திணித்துக்கொண்டிருந்தது. கிட்டே போய் நம் ஊர்ப் பேரைச் சொல்லி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

என் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். தெரிந்தது அவளுக்கு. கண்ணில் தெரிந்தது.

"அந்த ஊருல எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்றாள்.

ஒரே பாயில் உட்கார்ந்து "வாடி போடி" என்று பேசினவள், எனக்கு "ங்க" போட்டுப் பேசினாள். பிறகு குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "மெதுவா தின்னு, யாரும் புடுங்க மாட்டாங்க" என்று அதனிடம் சொன்னாள். லப்பைக்குடிக்காடு பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றது. கேட்டிருந்தாலும் அவள் தந்திருப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தர வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

நான் கோயிலை விடவில்லை. வேதத்தையும் விடவில்லை. கோபத்தோடு படிக்கிறேன், அவ்வளவுதான். வேலையில் இருந்தபோது சத்துணவுக் கூடத்தில் உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஐயரம்மா சொன்ன அதே புத்தகத்தில்தான், பிற்பாடு ராஜாவான ஒருத்தர் பசியில் கோயிலில் வைத்திருந்த அப்பத்தை எடுத்துத் தின்றதும், தன் ஆட்களுக்குக் கொடுத்ததும் இருக்கிறது. அது தப்பில்லை என்று இயேசுவே பேசுகிற இடமும் இருக்கிறது. வனாந்தரத்தில் அவர் தன் பசிக்குத்தான் கல்லைத் தொட மாட்டேன் என்றார். ஊர் ஜனம் பசியோடு உட்கார்ந்திருந்தபோது, இது சோதனை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். மிச்சத்தைக் கூடையில் அள்ளுகிற அளவுக்குப் போட்டார். தன் பசி வேறு, தம்பி பசி வேறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது வயசு ஆனது. அவளுக்குப் பத்து வயசிலேயே தெரிந்திருந்தது. நாம்தான் அவளைப் படியில் ஏற்றி மறக்கச் சொன்னோம்.

படித்துத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் குழி இருந்த இடம்கூட இப்போது இல்லை. கல்லறையின் அந்தப் பக்கம் சுரங்கத்துக்குப் பாதை போட்டபோது போய்விட்டது. கோயிலுக்கு டைல்ஸ் போட்டாகிவிட்டது. அந்தப் படி மட்டும் மேலே கிரானைட் ஒட்டி அப்படியே இருக்கிறது. போன மாசம்கூட ஞாயிறு பள்ளிப் பக்கம் போனேன். இப்போதைய டீச்சர், சின்னப் பெண், அதே வனாந்தரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பசின்னு ஒரு குரல் கேக்கும், அது யாரோட குரல் என்று கேட்டாள். பிள்ளைகள் "பிசாசு!" என்று கத்தினார்கள். ஐயரம்மாவிடம் படித்தவரிடம் படித்த பெண் அவள்.

செயலாளரே, இதை மலரில் போடுவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. போடாவிட்டால் நகல் எடுத்து நானே கோயில் வாசலில் கொடுப்பேன்.

விழா அன்றைக்கு முதலில் நான் அந்தப் படியில் ஏறுவேன். என் அட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. தங்கக் கோடு உதிர்ந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எதற்காக இதை வாங்கினேன் என்று எல்லாருக்கும் சொல்வேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

பிறகு நீங்க ஏறணும், ஐயரம்மா. வயசாகிவிட்டது, முட்டி வலி என்று தெரியும். கையைப் பிடித்து நானே ஏற்றிவிடுகிறேன். பொன்னாடையை அப்புறம் போர்த்திக்கொள்ளலாம். ஜெபம் வேண்டாம். அழ வேண்டாம். உங்களிடம் ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. நீங்க கண்ணாடியைத் துடைச்சீங்க. மைக்கை வாயருகில் பிடித்து, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைச் சொல்லுங்க.

தம்பி வந்து கேட்டா என்னாங்க சொல்லணும்?